இடது பக்கத்து ஸ்பீக்கர்

கிளட்சை முழுசா மிதிங்க தம்பி. முழுசா. அரைகுறையா மிதிச்சுட்டு கியரைப் போட்டீங்கன்னா அது பல்லைக் கடிக்கும். ம், அப்படித்தான். இப்ப மெதுவா விடுங்க. பரவால்ல, நல்லாத்தான் ஓட்டறீங்க. மெட்ராஸ்ல இருந்து வந்து எறங்கினதும் பெயிண்டைப் பாக்காம நேரா பின்னாடி போயி எஞ்சினைத் தொட்டுப் பாத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, வண்டி தெரிஞ்ச பையன்னு. இடது பக்கம் திருப்புங்க. திருச்சி ரோட்டுலயே சூலூர் வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்.

நான் இந்த சீட்டுல உக்காந்ததே இல்லீங்க. இருவத்திமூணு வருசமா ஓட்டறேன், ஒருத்தன் கையில சாவியைக் குடுத்ததில்ல. இன்னிக்குத்தான் மொதல் தடவை இடது பக்கம் உக்காந்து வர்றேன். வேற யாரு வண்டியிலயோ ஏறிட்ட மாதிரி இருக்குது.

என்னது? சத்தமா சொல்லுங்க. ஸ்டீரியோவா?

அதானே. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பம்பர் ஒரிஜினலா, சீட்டு ஒரிஜினலான்னு பாத்துட்டே வந்து டேஷ்போர்டுல இந்தத் தொடு திரையைக் கண்டதும் மூஞ்சி சுருங்கிப்போகுது. கவலைப்படாதீங்க, பழசு இருக்குது. கேசட்டு போடற ஸ்டீரியோ, வண்டி கூடவே வந்தது. ஒரு வயரைக்கூட வெட்டலீங்க, சாக்கெட்டு வெச்சு சேத்திருக்குது. கழட்டிட்டுப் பழசை மாட்டினா அரை மணி நேர வேலை. என்ற சம்சாரம் பீரோவுல தலகாணி உறையில போட்டு வெச்சிருக்கறா. வாசல் கேட்டுக்கிட்ட நின்னாளே, மரகதம், அவதான். எடுத்து வெக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

அதை எதுக்கு மாத்தினீங்கன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்லிப்போடறேன். எனக்கு யார்கிட்டயாச்சும் சொல்லணும், நீங்க வண்டியை வாங்கிட்டு மெட்ராசுக்குப் போயிருவீங்க. இந்த வண்டிக்குள்ள நான் அவகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டனுங்க. அதுக்குப் பதிலே வரலை. அதனாலதான் ஸ்டீரியோ மாறுச்சு.

லாரியை முந்தாதீங்க, பின்னாலயே போங்க. அவசரம் ஒண்ணுமில்ல.

இந்த ரெண்டு சீட்டுக் காரைக் கொண்டாந்தது ஒரு டாக்டருங்க, சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல. அவரு காலமானப்பறம் போர்டிகோவுலயே ஏழு வருசம் கெடந்துச்சு. எலி குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு உள்ளுக்குள்ள. எனக்கு லேத்துப் பட்டறை. டாக்டர் சம்சாரம் என்னைக் கூப்புட்டு, எடம் காலியானாப் போதும், எடுத்துட்டுப் போங்கன்னாங்க. நாலு வருசம் ஆச்சுங்க உசுரு குடுக்க. கெடைக்காத பார்ட்டை எல்லாம் நானே கடைஞ்சேன். பட்டறையை மூடினா இதுகூடத்தான் குடித்தனம். மரகதம் சொல்லுவா, "சக்களத்தியக் கொண்டாந்தீங்க சரி, இத்தனை செவப்பாவா கொண்டாருவீங்க?"ன்னு. அப்ப அவ அப்படிப் பேசுவா. நல்லாப் பேசுவா.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருவது வருசம் வேலை பாத்தா. மில்லை மூடினப்பறம் வீட்டுலதான். பாட்டுன்னா அவளுக்கு உசுரு. எனக்கு எஞ்சின் சத்தம்தான் பாட்டு. ரோட்டுல போற வண்டியில எஞ்சின் டேப்பட்டு லூசாகி டக்டக்குன்னு தட்டினா வீட்டுக்குள்ள உக்காந்துட்டே சொல்லிருவேன். காது அப்படி எனக்கு. பட்டறையில பேரே அதுதான், பாம்புக்காதுன்னு.

ரெண்டாயிரத்தி ஒண்ணு, ஆவணி மாசம், புதன்கிழமை. நாலு வருச வேலை முடிஞ்சு ஆர்டிஓ ஆபீசுல வண்டியைக் காட்ட அன்னிக்குத்தான் தேதி குடுத்திருந்தாங்க. காலைல பத்து மணிக்குப் பட்டறைக்கு ஒரு போன். மரகதத்துக்கு ஊரு தாராபுரம் பக்கம். அந்த ஊருல எஸ்டிடி பூத்து வெச்சிருந்த ராசப்பன் பேசறாரு. "உங்க மாமியாருக்கு நெலமை சரியில்லீங்க. பொண்ணை உடனே கூட்டிட்டு வரச் சொல்லி உங்க மச்சான் சொல்லியுட்டாருங்க"ன்னாரு. சரிங்கன்னு வெச்சுட்டேன்.

வெச்சுட்டு வண்டியை எடுத்துட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன்.

மொறைக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. அந்தம்மாவுக்கு அதுக்கு முன்னால மூணு தடவை நெலமை சரியில்லாமப் போச்சுங்க. மூணு தடவையும் அடிச்சுப் புடிச்சு ஓடினோம், நாங்க போறப்ப எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டுட்டு இருக்கும். இதும் அப்படித்தான்னு நெனச்சேன். மத்தியானமாப் போனாப் போச்சுன்னு நெனச்சேன். ஆபீசுல பன்னெண்டு மணிக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. அப்பவாச்சும் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலைங்க. சும்மா ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கலாம்னு பொள்ளாச்சி ரோட்டுல விட்டேன். அந்த மொத ஓட்டம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும், நீங்க வண்டிக்காரர். கிணத்துக்கடவுல ஒரு மெஸ்ஸுல எலை போட்டு சாப்பிட்டேன். ரெண்டாவது அப்பளம் கேட்டு வாங்கித் தின்னேன். அந்த அப்பளம் இன்னும் தொண்டையிலயே நிக்குது.

வீட்டுக்கு வர்றப்ப மணி அஞ்சு. "இப்பத்தான் போன் வந்துச்சு, கெளம்பு"ன்னேன்.

வழி பூரா கேட்டுட்டே வந்தா. எப்பங்க போன் வந்துச்சு, என்னங்க சொன்னாங்க, பேச்சு இருக்குதாமா. இப்பத்தான், இப்பத்தான்னு சொல்லிட்டே ஓட்டினேன். போயிச் சேந்தா மூணு மணிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு. ஒரே பொண்ணுங்க அவ. பொண்ணு வந்து வாயில பால் ஊத்தட்டும்னு டம்ளர்ல பாலை வெச்சுக் காத்துட்டு இருந்திருக்காங்க. தலமாட்டுல அந்த டம்ளர் அப்படியே இருந்துச்சு, ஆடை கட்டி. அதைப் பாத்துட்டு அவ போட்ட சத்தம் இருக்குதே, அதை விட்டுருவோம்.

மச்சான் ராசப்பனைப் புடிச்சுட்டாரு. "காலைலயே சொல்லச் சொன்னனேய்யா, சாயங்காலம் வரைக்கும் என்ன புடுங்கிட்டு இருந்த?"ன்னு. "பத்து மணிக்கே பேசிட்டனுங்க"ன்னாரு அவரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்கு அஞ்சு மணிக்குத்தான் வந்துச்சுன்னேன். அம்புட்டுதான். அந்த வீட்டு மாப்பிள்ளை நான். மாப்பிள்ளை சொன்ன சொல்லுக்கு அந்த ஊருல எவன் எதுத்துப் பேசுவான்? பூத்துக்காரன் பொய் சொல்றான்னு முடிவாயிருச்சு. அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு, துண்டைத் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. அன்னியில இருந்து மரகதம் அந்த மனுசனைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவா. எங்காத்தாளுக்குப் பால் ஊத்த விடாமப் பண்ணின பாவின்னு மண்ணை வாரித் தூத்தாத கொறைதான்.

பன்னெண்டு வருசம் இதை நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தேன் தம்பி. வருசா வருசம் திதிக்கு இந்த வண்டியிலதான் போவோம். அவ கேசட்டைப் போட்டுக்குவா. பாட்டு இடது பக்கத்துக் கதவுல மட்டும்தான் வரும். வலது பக்கத்து ஸ்பீக்கர் போயிருச்சு போலன்னு நான் அதைக் கண்டுக்கவே இல்ல. அவ இப்ப நான் இருக்கற எடத்துல, இந்தக் கதவோட ஒட்டி, ஒருக்களிச்சு உக்காந்துட்டு வருவா. நான் பேசுவேன். ம்னு கூடச் சொல்லமாட்டா. வீட்டுல நல்லாப் பேசறவ வண்டியில ஏறினா ஊமையாயிருவா. வண்டி மேல பொறாமைன்னு நெனச்சுக்குவேன்.

ரெண்டாயிரத்திப் பதிமூணு. திதி முடிஞ்சு திரும்பறோம். மத்தியானம் மூணு மணி. குண்டடம் தாண்டினா ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்கற காத்தாடி சுத்திட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அன்னிக்குக் காலைலயும் ராசப்பனைப் பாத்து அவ காறித் துப்பிட்டா. அந்தாளுக்கு அப்பவே எழுவது வயசு. தலையைக் குனிஞ்சுட்டுப் போனாரு. எனக்குத் தாங்கலைங்க. இன்னிக்குச் சொல்லாட்டி நான் மனுசனே இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல. நேரா ரோட்டைப் பாத்துட்டு, ஸ்டீயரிங்கைக் கெட்டியாப் புடிச்சுட்டு, எல்லாத்தையும் சொன்னேன். பத்து மணி போன், ஆர்டிஓ ஆபீசு, பொள்ளாச்சி ரோடு, அப்பளம், ஒண்ணு விடாம. அழுதுட்டேன். கல்யாணமாயி முப்பத்திமூணு வருசத்துல அவ முன்னால நான் அழுதது அன்னிக்குத்தான். "என்னை மன்னிச்சுருவியா மரகதம்?"னு கேட்டேன்.

கேட்டுட்டு ஓரக்கண்ணால பாக்கறேன். அவ காத்தாடியப் பாத்துட்டு, கதவு மேல கையை வெச்சு, வெரல்ல தாளம் போட்டுட்டு வர்றா.

தாளம் தம்பி! நான் இங்க குடலைப் புடுங்கி வெளிய வெச்சுட்டு அழுதுட்டு இருக்கறேன், அவ தாளம் போடறா.

பல்லடம் தாண்டினப்பறம் வாயைத் தொறந்தா. "சூலூர்ல சித்த நிறுத்துங்க, தக்காளி வாங்கோணும்"னா.

நான் என்னன்னு எடுத்துக்கட்டும்? நீங்களே சொல்லுங்க. மன்னிக்க மாட்டேன்னு கத்தியிருந்தாக்கூட ஆறியிருக்கும். என்னை அடிச்சிருக்கலாம். நான் சொன்னதைக் காதுலயே போட்டுக்காம, தக்காளின்னா? அந்தத் தக்காளியில ரசம் வெச்சா அன்னிக்கு. சாப்பிடக் கூப்புட்டா. எனக்கு விஷம் மாதிரி இருந்துச்சு.

இங்க வேகத்தடை இருக்குது, பாத்து. வண்டி தாழ்வு, அடி தட்டும்.

ரெண்டு மாசம் அவகிட்ட நான் முழுசா நாலு வார்த்தை பேசலை. அவளும் என்னன்னு ஒரு வாட்டி கேட்டா, ஒண்ணுமில்லைன்னேன், விட்டுட்டா. அப்பறம் எனக்கே ஒரு நெனப்பு. தப்புப் பண்ணினவன் நான், நான்தான் எறங்கி வரணும். பாட்டுன்னா உசுராச்சே, வண்டிக்கு நல்ல ஸ்டீரியோவா வாங்கி மாட்டுவோம், கொஞ்சம் மனசு எளகும்னு. காந்திபுரத்துல அன்வர்னு ஒரு பையன், கார் செட்டுன்னா அவன்தான். அவன்கிட்டப் போனேன். எம்புட்டு நல்லதோ அம்புட்டு நல்லதா மாட்டிக் குடுன்னேன். அவளோட பாட்டை எல்லாம் தேடித் தேடி ஏத்தச் சொன்னேன்.

பழசைக் கழட்டறதுக்கு முன்னால அன்வர் ஒரு தடவை போட்டுப் பாத்தான். வால்யூம் திருகுக்குப் பின்னால ஒரு வளையம் இருக்கும் பாத்திருக்கீங்களா, பழைய செட்டுல? அதைத் திருப்பினா சத்தம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். "அண்ணா, வலது ஸ்பீக்கருக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்குது. இந்த வளையத்தை யாரோ முழுசா இடது பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க"ன்னான்.

யாரோன்னா யாரு? இந்த வண்டியில ஏறினது ரெண்டே பேரு.

எனக்கு அப்படியே பத்திட்டு வந்துச்சுங்க. பன்னெண்டு வருசமா இவ எனக்குக் கேக்காத மாதிரி பாட்டைத் தன் பக்கமே திருப்பி வெச்சுட்டு, கதவோட ஒட்டிட்டு, என்னை ஒரு டிரைவர் மாதிரி உக்கார வெச்சு ஓட்ட விட்டிருக்கறா. இந்தப் புது செட்டுல பாருங்க, அதை அமுக்கினா ஒரு கார் படம் வரும், அதுல ஒரு புள்ளி இருக்கும். புள்ளி எங்க நிக்குதோ சத்தம் அங்க. "எங்கண்ணா வெக்கட்டும், நடுவுலயா?"ன்னு கேட்டான் அன்வர். நானே வெரலை வெச்சு இழுத்தேன். ஓட்டறவன் சீட்டு மேல, வலது ஓரத்துல. நீ எனக்குக் கேக்காம வெச்சயில்ல, இனி நானும் அப்படியே வெக்கறேன்னு. சமாதானத்துக்கு வாங்கப் போனதை, சண்டைக்குன்னு மாட்டிட்டு வந்தேன். புள்ளி இன்னும் அங்கதான் இருக்குது. தொடாதீங்க. இருக்கட்டும்.

மறுநாள் அவளை ஏத்திட்டு அவினாசிக் கோயிலுக்குப் போனேன். அவளுக்குப் புடிச்ச பாட்டாப் போட்டேன். மொதல்ல சந்தோசமாத்தான் ஏறினா, புதுசான்னு திரையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. கொஞ்ச தூரம் போனதும் பழையபடி கதவுப் பக்கம் சாஞ்சா. ஸ்பீக்கர் மேல கையை வெச்சுப் பாத்தா. காதைக் கொண்டுபோயி வெச்சா. "நல்லா இருக்குதா?"ன்னு அவ பக்கம் திரும்பிக் கேட்டேன். என்னை ஒரு நிமிசம் பாத்துட்டு, "நல்லா இருக்குதுங்க"ன்னா. அவினாசியில எறங்கினதும் சொல்றா, "இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கறனுங்க. சன்னலோரம் காத்து நல்லா வரும்."

அதோட இந்த வண்டியில அவ ஏறவே இல்ல.

அதை ஒரு தீர்ப்பு மாதிரி நான் எடுத்துக்கிட்டேன். ஆத்தாளைக் கடைசியாப் பாக்க விடாத மனுசன் பக்கத்துல உக்கார மாட்டேன்னு வாயால சொல்லாம சொல்லிட்டான்னு. பழைய ஸ்டீரியோவை நான் பழைய இரும்புக்குப் போடப் போனேன். ஓடி வந்து புடுங்கிட்டா. தொடைச்சு, தலகாணி உறையில போட்டு, பீரோவுல அவ பட்டுச் சேலைக்குக் கீழ வெச்சுட்டா. அதையும் என்னைக் குத்திக் காட்டறதுக்குன்னுதான் நெனச்சேன். திதிக்கு வருசா வருசம் அவ பஸ்ஸுல போவா. நான் பின்னாலயே இதுல போவேன். முன்னால பஸ்ஸுல அவ கொண்டை தெரியும், பின்னால நான் தனியா, என்ற பக்கம் மட்டும் பாட்டுக் கேட்டுட்டு. பதினோரு வருசம் இந்தக் கூத்து. ஊரு சிரிச்சுது.

அந்தப் பெட்ரோல் பங்க்குல திருப்பிக்கலாம். போதும், வீட்டுக்கு விடுங்க.

இந்த ஆடி மாசம் எங்க மக ஈரோட்டுல இருந்து வந்திருந்தா. அம்மா டிவியை நெம்பச் சத்தமா வெக்கறாங்கன்னு காது டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. நானும் போனேன். காதுல என்னத்தையோ மாட்டிப் பாத்துட்டு அந்தம்மா கேக்கறாங்க, "வலது காது போயி எத்தனை வருசம் ஆச்சு?"ன்னு. நான் சிரிச்சுட்டேன். காது போச்சா, இவளுக்கான்னு. மரகதம் சாதாரணமாச் சொல்றா, "மில்லுல இருக்கறப்பவே போயிருச்சுங்க. சீழு வெச்சு நாலு மாசம் ஒழுகுச்சு. காது கேக்கலைன்னு தெரிஞ்சா மிசின்ல இருந்து எறக்கி வெளிய அனுப்பிருவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க. அப்பறம் அதே பழக்கமாயிருச்சு."

முப்பது வருசம் தம்பி. முப்பது வருசமா என்ற சம்சாரத்துக்கு ஒரு காது கேக்கலை, பாம்புக்காதுக்காரனுக்கு அது தெரியலை.

எப்படித் தெரியாமப் போகும்னு பாக்கறீங்க. மில்லுல அந்தச் சத்தத்துல யாரு பேசறதும் யாருக்கும் கேக்காதுங்க. வாயசைவைப் பாத்தேதான் பேசிக்குவாங்க, பத்து மிசினுக்கு அக்கட்டால இருந்துகூட. வீட்டுல எதுக்கால நின்னு பேசினா ஒரு வார்த்தை தப்பாது அவளுக்கு. எங்க உக்காந்தாலும் எனக்கு வலது பக்கம்தான் உக்காருவா. கல்யாணப் பந்தியில கூட அடம் புடிச்சு வலது பக்கத்து எலைக்குப் போவா. ஏதோ சாஸ்திரம் பாக்கறான்னு நெனச்சேன். நல்ல காதை என் பக்கம் வெச்சிருந்திருக்கறா. இந்த வண்டியில மட்டும்தான் அதுக்கு வழியில்ல. ரெண்டே சீட்டு, நான் வலது பக்கம், செத்த காது என் பக்கம், முதுகுக்குப் பின்னால எஞ்சின்.

அவளும், பேச்சுதான் கேக்காதே, பாட்டாச்சும் கேக்கட்டும்னு அந்த வளையத்தைத் திருப்பி வெச்சிருக்கறா. அதையும் நான் புடுங்கிட்டேன்.

அன்னிக்கு அந்தக் காத்தாடி ரோட்டுல அவ மூஞ்சியப் பாத்து நான் சொல்லியிருந்தா ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சிருக்கும். ஓட்டற வண்டியை ஓரமா நிறுத்தித் திரும்பிப் பாக்க எனக்குத் தெம்பில்லாமப் போச்சு. அவளுக்கு எதுவும் தெரியாதுங்க. பதினோரு வருசமா அவ என்னை மன்னிக்கலைன்னு நான் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சேன், அவளுக்கு ஏன்னே தெரியாது. இந்த மனுசனுக்கு வயசாக வயசாக என்ன வந்துச்சுன்னு நெனச்சிருப்பா. ரசம் வெச்சது ரசம் வெச்சதுதான், குத்திக் காட்டலை.

ஏன் தம்பி, அவ மேலயும் தப்பு இருக்குதுல்ல? கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, காது கேக்கலைன்னு? சொல்லுங்க. சரி, ஓட்டுங்க.

டாக்டர்கிட்ட இருந்து வந்த மறுநாளே வண்டி விக்கறதுக்குன்னு மகளை விட்டு இண்டர்நெட்டுல போடச் சொன்னேன். முட்டி வலின்னு போட்டிருப்பா. முட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. ஸ்டீயரிங்கைப் புடிச்சா அந்தக் காத்தாடி ரோடுதான் கண்ணு முன்னால வருது. சொல்லிரலாம், இன்னிக்குச் சொல்லிரலாம்னு ரெண்டு மாசமா அவளுக்கு இடது பக்கமாப் போயி நிப்பேன். "என்னங்க?"ன்னு மூஞ்சியப் பாப்பா. "காப்பி இருக்குதா?"ம்பேன். ஒரு நாளைக்கு ஏழு காப்பி குடிக்கறனுங்க இப்ப.

போன வாரம் ராசப்பன் தவறிட்டாரு. மச்சான் போன் பண்ணினாரு. மரகதத்தைத் துக்கத்துக்குக் கூப்புட்டேன். "செத்தவங்களைப் பேசக்கூடாதுங்க. ஆனா நான் வரலை. எங்காத்தா என்னைத் தேடிட்டே போச்சு, அந்தாளாலதான்"னா. நான் மட்டும் போனேன். அந்தாளு கால்மாட்டுல நின்னேன். என்னன்னு சொல்லட்டும்? கண்ணும் பாக்காது, காதும் கேக்காது. அங்கயும் சும்மாதான் நின்னுட்டு வந்தேன்.

தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. அந்தத் திரையில அவ பாட்டு ஒண்ணைப் போடுங்க. போட்டுட்டீங்களா? ஓடுதா? சரி. இப்ப நான் வலது காதைப் பொத்திக்கறேன், இப்படி, நல்லா அழுத்தி. மூஞ்சியையும் சன்னல் பக்கம் திருப்பிக்கறேன். நீங்க ஏதாச்சும் பேசுங்க. எதுவானாலும் சரி, கொஞ்ச நேரம் பேசுங்க. நான் கையை எடுக்கற வரைக்கும் நிறுத்தாதீங்க.

பேசினீங்களா?

நெசமாவா? நெம்ப நேரமாப் பேசினீங்களா?

ஒண்ணுமே கேக்கலைங்க. பாட்டும் கேக்கலை, நீங்களும் கேக்கலை. எஞ்சின் மட்டும் முதுகுல உறுமுது. வெளிய பாத்தனா, அந்தத் தென்னை மரம் எல்லாம் வரிசையாப் போச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. இப்படித்தான் இருந்திருக்குது அவளுக்கு. பக்கத்துல ஒருத்தன் அழுதுட்டு வர்றது தெரியாது. அய்யோ, என்ற சாமி.

இல்ல, இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுங்க. தண்ணியெல்லாம் வேண்டாம்.

மெதுவா. வீடு வந்திருச்சு. பாருங்க, வாசல் கேட்டுக்கிட்டயே நிக்கறா. கையில தலகாணி உறை, எடுத்துட்டா. என்னமோ கொழந்தையைப் புடிச்ச மாதிரி புடிச்சுட்டு நிக்கறா. உள்ள விட வேண்டாம், இங்கயே ரோட்டுல நிறுத்துங்க. எஞ்சினை அமத்திருங்க. பாட்டையும். சாவி அதுலயே இருக்கட்டும்.

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சித்த எறங்குங்க. வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், உங்களுக்குத்தான் வண்டி, மாத்திப் பேச மாட்டேன். அந்தப் பேக்கரியில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. கதவைத் தொறந்தே விடுங்க, அவ ஏறணும்.

மரகதம்! கூப்புட்டாக் கேக்காது. இரு, கையைக் காட்டறேன். வா புள்ள. இல்ல, இந்தப் பக்கம் வேண்டாம், நான் எந்திரிக்க மாட்டேன். அப்படிச் சுத்திட்டுப் போ, ஸ்டீயரிங் பக்கம். ஓட்ட வேண்டாம், சிரிக்காத. சும்மா ஏறி உக்காரு. அது மடியிலயே இருக்கட்டும். காப்பி வேண்டாம் மரகதம், காப்பிக்குக் கூப்புடலை. திரும்பி உக்காரு. ரோட்டைப் பாக்காத, என்ற மூஞ்சியப் பாரு. நான் பேசறது கேக்குதா? நல்லாக் கேக்குதா?

ராசப்பன் அன்னிக்குக் காலைல பத்து மணிக்கே போன் பண்ணிட்டாரு.